“அவங்கவங்க வேலையை அவங்கவங்க பார்க்கிறாங்க”: புலம்பலைத் தாண்டி, செய்முறையாக என்ன செய்யலாம்?

வாசல்விளக்கு கேட்டது:

வணக்கம். தன்னலம் பெருகிவிட்டது, மனிதன் தனக்குள்ளேயே சுருங்கிவிட்டான் என்று எழுதாதவர் இல்லை. எழுதுவதில் தப்பில்லை. ஆனால் படித்து முடித்ததும் கையில் ஒன்றும் நிற்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் ஆறு பேருக்கு ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்கிறது. அப்படியானால் ஒவ்வொரு மாடிக் குடியிருப்பிலும், ஒவ்வொரு ஆபீஸ் தளத்திலும் அப்படி ஒருவராவது இருப்பார். நம் கண்ணில்தான் படவில்லை.

எனக்கு உபதேசம் வேண்டாம். வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் போக ஒருவருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் அடுத்தவருக்காக உருப்படியாக என்ன செய்யலாம்? எங்கே தொடங்குவது, எந்த இடத்தில் கெட்டுப்போகும்? முதியோர் பராமரிப்பு, நோயாளி வீட்டார், துக்க வீடு என்று இந்த விஷயங்களில் பழகியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். விவரமாகச் சொல்லுங்கள்.

---

நிதானன் எழுதியது:

முதலில் நோய் என்ன என்று சரியாகத் தெரிந்துகொள்வோம். “மனுஷனுக்கு ஈரமே வற்றிப்போச்சு” என்பது பாதி உண்மைதான். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் 1979 முதல் 2009 வரை எடுத்த கணக்கில், பிறர் துன்பத்தை உணரும் தன்மை நன்றாகவே சரிந்திருந்தது. அதை மட்டும் பிடித்துக்கொண்டு பலரும் எழுதிவிட்டார்கள். அதே ஆய்வைப் பின்னால் தொடர்ந்து பார்த்தபோது, 2008-க்குப் பிறகு அந்த அளவு மறுபடி ஏறியிருந்தது. 2019-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், 40 நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களை “கீழே கிடந்தது” என்று சொல்லி வரவேற்பு மேசைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். பணமே இல்லாத பர்ஸைவிட, பணம் இருந்த பர்ஸுக்குத்தான் உரியவரைத் தேடித் தகவல் அனுப்பியவர்கள் அதிகம். நல்ல மனசுக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் நேரத்துக்கும் கவனத்துக்கும்தான். 1973-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் படிக்கும் 40 மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்குப் போய் அவர்கள் பேச வேண்டும். வழியில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து இருமி முனகிக்கொண்டிருப்பார். “நேரம் நிறைய இருக்கிறது” என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் உதவினார்கள். “ஏற்கெனவே தாமதம், ஓடு” என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். இத்தனைக்கும் அவர்களில் பாதிப்பேர் பேசப் போன விஷயமே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய பயணியின் கதை! தலைப்பு எதுவாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அவசரம்தான் ஆளைத் தாண்டிப் போக வைத்தது.

அதனால் உங்கள் இரண்டு மணி நேரத்தில் முதல் அரை மணியை எந்த உதவிக்கும் ஒதுக்காதீர்கள். அதை நாளுக்கு ஐந்து நிமிடமாக உடைத்து, மனிதர்கள் எதிர்ப்படும் இடங்களில் செலவிடுங்கள். வெளிக் கதவுக்கும் வீட்டு வாசலுக்கும் இடையில், லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, ஆபீஸில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில். அந்தத் தூரத்துக்குப் போன் பைக்குள் போகட்டும், காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிடுங்கள். கிளம்பும் நேரத்தை ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தால்தான் இது நடக்கும். இல்லையென்றால் கண் பார்த்தாலும் கால் நிற்காது.

எதைப் பார்ப்பது? வழக்கம் மாறுவதைப் பாருங்கள். கொடியில் துணி இரண்டு நாளாக எடுக்கப்படாமல் கிடப்பது. நடுப்பகலில் வாசல் விளக்கு எரிவது. தபால் பெட்டி நிரம்பி வழிவது. தினமும் ஆறு மணிக்கு நடக்கப் போகிறவர் மூன்று நாளாகக் காணோம் என்பது. ஆபீஸில் என்றால், எல்லாரோடும் சாப்பிட்டவர் மேசையிலேயே சாப்பிடத் தொடங்குவது, நாலு வரி பதில் எழுதியவர் “சரி” என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்துவது. ஒரே ஒரு நாள் நடந்தால் பொருட்படுத்த வேண்டாம். இரண்டாவது முறை கண்ணில் பட்டால் கதவைத் தட்டலாம். “மூணு நாளா உங்களைப் பார்க்கலையே, நல்லா இருக்கீங்களா?” என்பது போதும். இதற்கு முன்பின் அறிமுகம்கூடத் தேவையில்லை.

---

செவிச்செல்வி எழுதியது:

நிதானன் கண்ணைப் பற்றிச் சொன்னார். நான் காதைப் பற்றிச் சொல்கிறேன்.

தன்னையே சுற்றிக்கொண்டிருப்பது பேச்சில்தான் முதலில் வெளிப்படும். பேசுகிறவருக்கு அது தெரியாது. சார்ல்ஸ் டெர்பர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970-களில் அன்றாட உரையாடல்களைக் கவனித்து இரண்டு வகைப் பதில்களைப் பிரித்துக் காட்டினார். ஒருவர் “ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்லை” என்கிறார். “எனக்கும் அதே கதைதான், நாலு நாளா...” என்று தொடங்கினால் பேச்சு உங்கள் பக்கம் திரும்பிவிட்டது. “அடடா, எதனால?” என்றால் பேச்சு அவரிடமே நிற்கிறது. முதல் வகையைச் சொல்கிறவர் கெட்டவர் இல்லை. “நானும் உன்னைப் போலத்தான்” என்று ஆறுதல் சொல்வதாகவே அவர் நினைக்கிறார். கேட்கிறவருக்கோ கதவு சாத்தப்பட்ட மாதிரி இருக்கும்.

பழகிக்கொள்ள எளிய கணக்கு ஒன்று உண்டு. அடுத்தவர் ஒன்றைச் சொன்னால், உங்கள் அனுபவத்தைச் சொல்வதற்கு முன் அதைப் பற்றியே இரண்டு கேள்வி. அவர் நிறுத்தியதும் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுப் பேசுங்கள். பல நேரம் முக்கியமான செய்தி அந்த மூன்று நொடிக்குப் பிறகுதான் வரும்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. “ஏன்” என்று தொடங்கும் கேள்வி குற்றம் சாட்டுவது போலக் கேட்கும். “ஏன் டாக்டரைப் பார்க்கலை?” என்று கேட்டால் அவர் சாக்குச் சொல்லத் தொடங்குவார். “எப்போலேர்ந்து இப்படி இருக்கு?”, “இதுல எது ரொம்ப முடியலை?” என்று கேட்டால் விவரம் வரும். அடுத்தது, யோசனையை அள்ளிக் கொட்டுவது. “ஏதாவது யோசிச்சுச் சொல்லட்டுமா, இல்ல, நான் கேட்டுக்கிட்டா போதுமா?” என்று நேராகவே கேட்டுவிடலாம். பெரும்பாலும் இரண்டாவதுதான் வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “நான், நான்” என்று பேசுகிறவரைச் சட்டென்று தன்னலக்காரர் என்று முத்திரை குத்தாதீர்கள். 2015-ல் 4,800-க்கும் மேற்பட்டவர்களின் பேச்சையும் எழுத்தையும் எண்ணிப் பார்த்ததில், ‘நான்’ என்ற சொல்லின் எண்ணிக்கைக்கும் தற்பெருமைக் குணத்துக்கும் தொடர்பே இல்லை என்றுதான் தெரிந்தது. வேறு ஆய்வுகளில் அந்தச் சொல் மனச்சோர்வு, கவலையோடுதான் சேர்ந்து வருகிறது. அது ஆங்கிலமும் ஜெர்மனும் பேசுகிறவர்களிடம் எடுத்த கணக்கு. தமிழில் எண்ணுவதும் கஷ்டம். “போனேன், பார்த்தேன், திரும்பிட்டேன்” என்று வினைச்சொல்லின் வாலிலேயே ‘நான்’ ஒட்டிக்கொண்டிருக்கும். தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர் பல நேரம் வலியில் இருக்கிறவர். பல்வலி வந்தவனுக்குப் பல்லைத் தவிர வேறு நினைப்பு ஓடுமா?

பேசி முடித்ததும் ஒரு நிமிட வேலை பாக்கி இருக்கிறது. போனில் ஒரு வரி எழுதி வையுங்கள்: யார், என்ன, எந்தத் தேதி. “மூன்றாம் மாடி அக்கா, கண் ஆபரேஷன், 14” என்பது போல. 15-ம் தேதி காலைக்கு ஒரு அலாரம். “நேத்து எப்படிப் போச்சு?” என்ற ஒரு வரி மெசேஜ், அரை மணி நேர ஆறுதல் பேச்சைவிட ஆழமாகப் போய்ச் சேரும். நினைவு வைத்திருப்பதற்கு நல்ல ஞாபகசக்தி வேண்டும் என்பது தவறான எண்ணம். எழுதி வைக்கிற பழக்கம் இருந்தால் போதும்.

---

பகல்துணை எழுதியது:

நோயாளி வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் உதவுவது பற்றி மட்டும் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

“ஏதாவது வேணும்னா கூச்சப்படாம சொல்லுங்க.” இதை மனதார நினைத்துத்தான் சொல்கிறோம். ஆனால் இது வேலைக்கு ஆகாது. ஏற்கெனவே தள்ளாடுகிறவர் தலையில் இன்னும் மூன்று வேலையை இந்த வாக்கியம் ஏற்றுகிறது. என்ன வேண்டும் என்று அவரே யோசிக்க வேண்டும், நீங்கள் நிஜமாகத்தான் சொன்னீர்களா என்று எடைபோட வேண்டும், பிறகு வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். “கேட்டால் எத்தனை பேர் சரி என்பார்கள்?” என்று உதவி கேட்கப் போகிறவர்களிடம் முன்கூட்டியே ஊகிக்கச் சொல்லிப் பார்த்த 2008 ஆய்வில், அவர்கள் நினைத்ததைவிட மிக அதிகம் பேர் சரி என்றார்கள். கேட்கிறவருக்கு அது தெரியாது. ஆகவே தருகிறவர்தான் முந்திக்கொள்ள வேண்டும்.

சரியான மெசேஜில் நாளும் நேரமும் இருக்கும், வேலை இன்னது என்று இருக்கும், மறுக்க வழியும் இருக்கும். “வியாழக்கிழமை சாயங்காலம் 4-லிருந்து 6 வரை நான் அம்மா பக்கத்துல இருக்கேன். நீங்க வெளியே போயிட்டு வாங்க, இல்லேன்னா தூங்குங்க. வேண்டாம்னா ‘வேண்டாம்’னு ஒரு வார்த்தை போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் உதவியே ஒரு நெருக்கடி ஆகிவிடும்.

படுக்கையில் இருப்பவரை வருடக்கணக்கில் பார்த்துக்கொள்கிறவருக்கு, சாமான் வாங்கித் தருவதைவிட இந்த இரண்டு மணி நேரம் பெரிது. ஏன் இரண்டு மணி? விவரம் சொல்லி ஒப்படைப்பதில் இருபது நிமிடம் போய்விடும், திரும்பி வந்து நிலைமையைக் கேட்டுக்கொள்வதில் பத்து நிமிடம். ஒரு மணி நேரம் மட்டும் கொடுத்தால் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிடுவார். முதல் தடவை அவர் வீட்டிலேயே அடுத்த அறையில் இருக்கட்டும். நோயாளிக்கும் உங்கள் முகம் பழக வேண்டும் அல்லவா. இரண்டாவது தடவை தெருமுனை வரை போய் வரட்டும். மூன்றாவது தடவைதான் நிம்மதியாகக் கிளம்புவார்.

ஒப்படைக்கும்போது ஒரே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு மணிக்குள் ஏதாவது மருந்து உண்டா, எத்தனை மணிக்கு, எவ்வளவு. குடிக்கத் தண்ணீர் கொடுக்கலாமா, எந்தப் பதத்தில். கழிப்பறைக்கு எப்படி அழைத்துப் போவது. பதற்றப்பட்டால் எதைச் சொன்னால் அமைதியாவார். யாருக்குப் போன் செய்வது, இரண்டு எண்கள். தாளில் இல்லாத மருந்தை, நோயாளியே கேட்டாலும், போன் செய்து கேட்காமல் கொடுக்கக் கூடாது. விழுங்கச் சிரமப்படுகிறவருக்குப் படுத்த நிலையில் தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நிமிர்த்தி உட்கார வைத்து, வாய் காலியானதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய். எழுப்பும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்பட்டை மூட்டு விலகிவிடலாம். தூக்கி நிறுத்தத் தெரியாது என்றால் “எனக்குத் தெரியாது” என்று முதலிலேயே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

துக்க வீட்டில் நடப்பது வேறு. முதல் வாரம் கூட்டம் நெருக்கும், போன் ஓயாது. மூன்றாவது வாரம் வாக்கில் வீடு அடங்கிவிடும். உறவினர்கள் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள், மற்றவர்கள் தங்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். அந்த மௌனத்தில்தான் தனியாக விடப்பட்டவருக்கு இழப்பு உறைக்கும். சாவுச் செய்தி வந்த அன்றே காலண்டரில் குறியுங்கள்: மூன்று வாரம், ஆறு வாரம், மூன்று மாதம், இறந்தவரின் பிறந்த நாள், முதலாம் ஆண்டு. அந்தந்த நாளில் பத்து நிமிடம். இறந்தவரின் பெயரை எடுத்தால் அழுவாரே என்று தயங்காதீர்கள். யாருமே அந்தப் பெயரைச் சொல்லாமல் போவதுதான் பெரும்பாலும் அதிகம் வலிக்கிறது.

சாப்பாடு கொடுப்பதானால், என்ன சேராது என்று முன்னாலேயே கேளுங்கள். திருப்பித் தர வேண்டாத டப்பாவில் கொடுங்கள், மேலே என்ன பண்டம், சமைத்த தேதி என்ன என்று ஒட்டுங்கள். பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தருவதும் அந்த வீட்டுக்கு ஒரு வேலைதான். ஒரே நாளில் நான்கு வீட்டிலிருந்து வந்தால் மூன்று வீட்டுச் சாப்பாடு வீணாகும். யாராவது ஒருவர் மட்டும் நாள் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் அந்த வீட்டாராக இருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் கால் மணி நேரம் போதும். சளி, காய்ச்சல் இருந்தால் போகவே வேண்டாம்.

---

எட்டாம்படி எழுதியது:

பகல்துணை சொன்ன “யாராவது ஒருவர் மட்டும்” என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிக்கிறேன்.

1968-ல் நியூயார்க்கில் லட்டானே, டார்லி என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனையில், அடுத்த அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்தது போல ஹெட்போனில் கேட்கும். தான் ஒருவர் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு அடங்கும் முன்பே எழுந்து போய்ச் சொன்னார்கள். கூட நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம். அந்த மீதிப்பேர் கல்நெஞ்சர்கள் இல்லை, பலருக்குக் கை நடுங்கியது. வேறு யாராவது போயிருப்பார்கள் என்ற எண்ணம்தான் கட்டிப்போட்டது. அதே சமயம், மூன்று நாடுகளில் தெருக் கேமராவில் பதிவான 219 சச்சரவுகளைப் பார்த்து 2019-ல் எழுதியவர்கள், பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது குறுக்கே போனதைக் கண்டார்கள். முதல் ஆள் நகர்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

தெருவில் ஒருவர் விழுந்து கிடந்தால் “யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க” என்று கத்தாதீர்கள். ஒருவரைப் பார்த்து, கை நீட்டி, அடையாளம் சொல்லுங்கள்: “நீலச் சட்டை போட்டவரே, நீங்க அவசர எண்ணுக்குப் போன் பண்ணுங்க. பண்ணிட்டு வந்து என்கிட்ட சொல்லுங்க.” அந்தக் கடைசிப் பகுதி, வேலை முடிந்ததா என்று தெரிந்துகொள்ள. நெருப்பு, வண்டிகள் என்று உடனடி ஆபத்து இல்லாதவரை அடிபட்டவரை நகர்த்த வேண்டாம்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பிலும் இதே கதைதான். “தனியா இருக்கிற பெரியவங்களை எல்லாரும் பார்த்துக்கணும்” என்று போட்டால் எழுபது பேர் கை கூப்புவார்கள், ஒருவரும் போக மாட்டார்கள். பெயர் போட்டுப் பிரியுங்கள். தனியாக இருப்பவர் ஒருவருக்கு இரண்டு பேர், ஒருவர் முதல், மற்றவர் மாற்று. வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், பத்துப் பதினைந்து நிமிடப் போன். எடுக்காவிட்டால் என்ன செய்வது என்பதை அவரிடமே பேசி முடிவு செய்துவிடுங்கள்: அரை மணி கழித்து மறுபடி போன், அப்போதும் இல்லை என்றால் நேரில் போய்க் கதவைத் தட்டுவது, திறக்காவிட்டால் மாற்றுச் சாவி யாரிடம், எந்தப் பிள்ளைக்குச் சொல்வது. இது எழுதப்படாமல் இருந்தால் அந்த நாளில் ஆளாளுக்கு விழிப்போம்.

ஆரம்ப வேகத்தில் தினமும் பேசுகிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்றாவது வாரம் நின்றுபோகும், காத்திருந்தவருக்கு அது முன்பிருந்ததைவிட மோசம். வாரம் ஒன்று, ஆறு மாதம் தவறாமல் என்பதே பெரிய காரியம்.

---

வாசல்விளக்கு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். உதவப் போய்த் தானே ஓய்ந்து விழுகிறவர்கள் உண்டு, அதை எப்படித் தவிர்ப்பது? எத்தனை முறை கேட்டாலும் “வேண்டாம்” என்று சொல்கிறவரை என்ன செய்வது?

---

பகல்துணை எழுதியது:

முதல் கேள்விக்கு: அடுத்தவர் வலியை அப்படியே தன் மேல் வாங்கிக்கொள்வது ஒன்று, அவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்ற பரிவோடு பக்கத்தில் நிற்பது வேறொன்று. மூளை ஆய்வாளர் டானியா சிங்கரின் குழு இரண்டுக்கும் தனித்தனியாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்து 2014-ல் எழுதியது. முதலாவது மனதை வாட்டியது, இரண்டாவது அதைத் தேற்றியது. மூளையில் வேலை செய்த பகுதிகளும் வேறு. நடைமுறையில் இது இப்படி: ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். போகும்போதே முடியும் நேரத்தைச் சொல்லுங்கள். வந்த பிறகு அவரை நினைத்துக்கொண்டே தூக்கம் கெட்டால், அடுத்த வாரத்தை மாற்று ஆளிடம் கொடுங்கள், மறைக்காமல் காரணத்தையும் சொல்லுங்கள். கேட்ட ரகசியம் உங்களோடு நிற்கட்டும், போட்டோ எடுத்துப் போடவே போடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தனியாகத் தாங்க முயலக் கூடாது. “இருந்து என்ன பிரயோஜனம்” என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், “உயிரை விட்டுடணும்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. “ஆமாம்” என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். மருந்து, கயிறு போன்றவற்றை எட்டாத இடத்துக்கு மாற்றி, வீட்டாருக்கும் மருத்துவருக்கும் அல்லது அவசர உதவிக்கும் அப்போதே சொல்ல வேண்டும்.

---

செவிச்செல்வி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். ஒரு “வேண்டாம்” என்பது அன்றைக்கு மட்டும்தான். வற்புறுத்தாமல் வந்துவிடுங்கள், மூன்று வாரம் கழித்து முன்பு கேட்டதைவிடச் சின்னதாக ஒன்றைக் கேளுங்கள். இரண்டு மணி நேரத் துணை வேண்டாம் என்றவர், “மருந்துக்கடைக்குத்தான் போறேன், உங்களுக்கும் வாங்கிட்டு வரட்டுமா?” என்றால் சரி என்பார்.

அதற்கும் மறுத்தால் திசையைத் திருப்புங்கள். கடன்படப் பயந்துதான் பலரும் மறுக்கிறார்கள், குறிப்பாக வாழ்நாள் முழுக்கக் கொடுத்தே பழகியவர்கள். அவரிடம் நீங்கள் ஒரு உதவி கேளுங்கள். உங்கள் வீட்டு மாற்றுச் சாவியை அவரிடம் கொடுத்து வைக்கலாம். நீங்கள் இல்லாத நாளில் வரும் பார்சலை வாங்கி வைக்கச் சொல்லலாம். வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் உங்கள் பிள்ளை வாய்விட்டுப் படிப்பதைக் கேட்கச் சொல்லலாம். கேட்பது நிஜமாகவே உங்களுக்குத் தேவைப்படுவதாக இருக்க வேண்டும், ஜோடித்தது என்றால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். சாவி அவரிடம் இருந்தால் வாரத்தில் இரண்டு தடவை அந்தக் கதவைத் தட்ட உங்களுக்கு ஒரு காரணம் இருக்கும். அவருக்கும் திறக்க ஒரு காரணம் இருக்கும்.